அயர்லாந்துப் பலகை

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தேன். அவர் பஞ்சாலையில் மெஷின் பார்த்தவர். கடையில் எழுத்தும் வடிவமும் என் பொறுப்பு. வெட்டுவது, ஒட்டுவது, ஏணியில் ஏறி மாட்டுவது அவர் பொறுப்பு. டாக்டர் வீட்டு வாசல், வக்கீல் ஆபீஸ், பேண்டேஜ் கம்பெனி, 'நாய் ஜாக்கிரதை' என்று வேலை வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊரில் கடைசியாகச் சொன்ன பலகைக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

போன ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சமூக அறிவியல் சார் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சின்ன வயது, மெதுவாகப் பேசுவார். அவர்கள் பள்ளியில் பிள்ளைகளை வைத்து உலக மாநாடு நடத்தப் போகிறார்களாம். ஆளுக்கு ஒரு நாடு. அந்த நாட்டின் அரசாங்கத்தை நடத்துபவராக அந்தப் பிள்ளை உட்கார்ந்து, ஆற்றுத் தண்ணீரைப் பங்கு போடுவது பற்றிப் பேச வேண்டும். மேஜையில் வைக்க நாட்டின் பெயரும் பதவியின் பெயரும் போட்ட சின்னப் பலகைகள் வேண்டும் என்றார். நாடுகளின் பெயர்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனார்.

எனக்கு அதில் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. அரசாங்கத்தை நடத்துபவர் என்றால் பிரதமர். மேலே நாட்டின் பெயர், கீழே 'பிரதமர்' என்று கம்ப்யூட்டரில் வரிசையாக அடித்து முடித்தேன். அமெரிக்காவுக்கு மட்டும் 'அதிபர்' என்று மாற்றியதில் எனக்கே ஒரு சின்னப் பெருமை. மாதிரிக்குப் படம் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் சாரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பலகை அருமையா இருக்கு. ஆனா எல்லா ஊர்லயும் பிரதமர்னு கூப்பிட மாட்டாக. ஜெர்மனியில சான்சலர். ஸ்பெயின்ல அரசாங்கத்தின் தலைவர்னு பேரு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியணும்னுதான் இந்த மாநாடே வைக்கோம்."

"அப்ப நீங்களே சரியா எழுதி அனுப்பிருங்க சார்."

"இங்கிலீஷ்ல இருக்குக்கா. தமிழ்ல எப்படி எழுதணும்கிறதுலதான் எனக்கும் எங்க தமிழ் டீச்சருக்கும் ஒத்து வரல. நீங்க ஒரு நாள் நேர்ல வந்தா பேசி முடிச்சிரலாம்."

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அந்தப் பக்கம் போக ஒரு காரணம் கிடைத்தால் விடமாட்டேன். மறுநாளே கிளம்பினேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் வைத்திருந்த தாளில் நாடுகளையும் பதவிகளையும் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீச்சையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஆசிரியர்கள் அறையில் தமிழ் டீச்சர் ஒரு கட்டு விடைத்தாளுடன் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டார். அவருடைய கட்சி எளிமையானது: தலைமை அமைச்சர் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, எல்லாருக்கும் அதையே போட்டுவிடலாம்.

"அப்படிப் போட்டா வித்தியாசமே தெரியாதே டீச்சர்" என்றார் சார்.

"சரி, வித்தியாசம் வேணும்னா அதையும் தமிழ்ல காட்டுவோம். சான்சலர்னா வேந்தர். பல்கலைக்கழகத்துல வேந்தர், துணைவேந்தர்னு சொல்றோம்ல? ஜெர்மனிக்கு வேந்தர்னு போடுங்க."

நான் குறுக்கே பேசினேன். "டீச்சர், வேந்தர்னு போட்டா அந்தப் பிள்ள கிரீடம் வச்சுட்டு வந்து உக்காரும்."

டீச்சர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். மூவேந்தர்னு போன மாசம்தான் பாடம் நடத்துனேன். நாலாவதா ஜெர்மனிக்காரர் வந்து நிப்பாரு." சான்சலர் என்றே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகப் போனது. நார்வேயில் அந்தப் பதவியின் பெயரை அப்படியே தமிழில் பெயர்த்தால் 'அரசு அமைச்சர்' என்று வருமாம். அது நம் ஊரில் இணை அமைச்சரைச் சொல்வது போலிருக்கிறதே, ஒரு நாட்டையே நடத்துகிறவரை இப்படி இறக்கிவிடலாமா என்று டீச்சர் கவலைப்பட்டார். அவர்கள் ஊரில் அதுதான் பெரிய பதவி என்று பிள்ளையே எழுந்து விளக்கம் சொல்லட்டும் என்றார் சார். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது டீச்சரின் முகம் மலர்ந்தது. "இந்த ரெண்டுக்கும் நாம பேசவே வேண்டாம். அங்க தமிழும் அரசாங்க மொழி. இலங்கையில ஜனாதிபதி, சிங்கப்பூர்ல பிரதமர்னு அவங்களே தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க" என்றார்.

அன்று டீச்சர் சொன்ன இன்னொன்று என் மனதில் நின்றது. பிரதமர் என்ற சொல்லுக்கும் முதலில் நிற்பவர் என்றுதான் பொருளாம். முதல்வர் என்றாலும் அதேதான். "ரெண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம். ஒருத்தர டெல்லியில உக்கார வச்சிட்டோம், இன்னொருத்தர மெட்ராஸ்ல உக்கார வச்சிட்டோம்" என்றார். இத்தனை வருடம் கல்வெட்டு, அழைப்பிதழ், வரவேற்பு பேனர் என்று எத்தனை முறை அந்த இரண்டு சொற்களையும் அடித்திருப்பேன். ஒரு நாளும் எனக்கு அது தோன்றியதில்லை.

சுவிட்சர்லாந்துக்குத் தனியாக ஒருவர் இல்லை, ஏழு பேர் சேர்ந்துதான் அரசாங்கத்தை நடத்துகிறார்கள் என்றார் சார். அதற்கு நீளமான பலகையாக ஒன்று செய்துவிடலாம் என்றேன்.

கடைசியாக அயர்லாந்து வந்தது. சார் தாளில் எழுதிக் காட்டினார். டி, ஏ, ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, சி, எச். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"தாவோசீச்" என்றேன் நான்.

"தாய்சீக்னு நெனைக்கேன்" என்றார் டீச்சர்.

சார் போனில் உச்சரிப்பைத் தேடிப் போட்டுக் காட்டினார். ஒரு குரல் ஒரு மாதிரி சொன்னது. அடுத்த குரல் வேறு மாதிரி சொன்னது. மணி அடித்துவிட்டதால் இருவரும் வகுப்புக்குப் போனார்கள். அயர்லாந்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

கடையில் என் வீட்டுக்காரர் பலகைகளை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலை நிமிராமலே, "ஒங்கூடப் படிச்ச மம்சாபுரத்துப் பிள்ள அங்கதான நர்ஸா இருக்கு? அதுகிட்டக் கேளு" என்றார்.

அந்தத் தோழியின் நினைவு எனக்கும் பஸ்ஸிலேயே வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்ச். அவள் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நர்சிங் படித்து, மதுரையில் வேலை பார்த்து, பிறகு டப்ளின் போனாள். போன புதிதில் அடிக்கடி பேசிக்கொள்வோம். எனக்குக் கடையில் வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் அவளுக்கு ஓய்வு. எனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவள் டியூட்டியில் இருப்பாள். சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சு குறைந்து குறைந்து, பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. இத்தனை நாள் கழித்து ஒரு சொல்லைக் கேட்க மட்டும் அழைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அழைக்காமல் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன்: "ஏட்டி, நல்லாருக்கியா? ஒங்க ஊர்ப் பிரதமர என்னன்னு கூப்பிடுவாக?"

மத்தியானம் நாங்கள் சாப்பாட்டைத் திறக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"எம்புட்டு நாள் கழிச்சுப் பேசுத. பேசுனதும் நீ கேக்க கேள்வியா இது?" என்று சிரித்தாள். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பின்னால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லு. பலகை நிக்குது."

"டீஷக். டீ... ஷக். கடைசியில தொண்டையிலருந்து லேசா காத்து வரணும். தலைவர்னு அர்த்தம். இங்க இங்கிலீஷ்ல நியூஸ் வாசிச்சாலும் இந்தச் சொல்ல மாத்த மாட்டாக."

நான் தாளில் எழுதிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"ஏட்டி, இந்தச் சொல்லால நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாதுல்ல?" என்று ஆரம்பித்தாள்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வார்டில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ கேட்டார். அவர்கள் பேசும் ஆங்கிலம் அவளுக்கு அப்போது பாதிதான் புரியும். 'டீ' என்றது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. டீ கேட்கிறார் என்று நினைத்து, வேகமாகப் போய்ப் பால் ஊற்றி ஒரு கப் டீ கொண்டுவந்து நீட்டினாள். பெரியவர் டீயைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். டிவியில் ஒரு மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். 'அங்கே பேசுவது டீஷக்தானே' என்றுதான் பெரியவர் கேட்டிருக்கிறார். விஷயம் விளங்கியதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பெரிய நர்ஸ் என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டார்.

"பொறவு அந்த டீயக் குடிச்சாரா?"

"ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு. அன்னைலருந்து நான் வார்டுக்குள்ள போனாலே, டீஷக் வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்காப் படுங்கன்னு சொல்லுவாரு. மத்த நர்ஸுகளும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிட்டாக. வேலைக்குச் சேந்த மொத வாரத்துலயே நாட்டுக்குத் தலைவி ஆயிட்டேன்."

நான் சிரித்ததில் சாதம் புரையேறியது. என் வீட்டுக்காரர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, தானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். செத்த நேரம் என்று ஆரம்பித்த பேச்சு, கடைக்கு ஆள் வந்து காத்திருக்கும் வரை நீண்டது.

இதை சாரிடம் சொன்னபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாநாட்டு அன்று அவளை வீடியோ காலில் கூப்பிட்டு, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவைக்க முடியுமா என்று கேட்டார். அவளுக்கு அன்று லீவுதான். உடனே ஒத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு காரியம் செய்யணும். எங்கம்மாவயும் கூட்டிட்டுப் போ. பெரிய ஸ்கிரீன்ல எம் மூஞ்சியப் பாக்கட்டும்" என்றாள்.

அவள் அம்மா மம்சாபுரத்தில் தனியாக இருக்கிறார். முன்பு காட்டு வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தவர். இப்போது சின்னதாக ஒரு பெட்டிக்கடை. மகள் எத்தனை தடவை கூப்பிட்டும் கடையை விட்டு எங்கும் போகமாட்டார். நான் போய்ச் சொன்னதும், "பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன வேல?" என்றார். "ஒங்க மக பேசப் போறா பெரியம்மா" என்றேன். கடையைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பள்ளி அரங்கத்தில் மேஜைகளை வளைவாகப் போட்டிருந்தார்கள். எங்கள் பலகைகள் வரிசையாக இருந்தன. என் வேலை இப்படி ஒரே இடத்தில் மொத்தமாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. கடையில் செய்யும் பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவுக்குப் போய்விடும். நார்வேப் பையன் எழுந்து, "எங்கள் நாட்டில் அரசு அமைச்சர்தான் எல்லாருக்கும் மேல்" என்று மிடுக்காகச் சொன்னான். சான்சலராக வந்த பெண் கிரீடம் வைத்திருக்கவில்லை. நான் தமிழ் டீச்சரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஏழு பேர் நீளப் பலகைக்குப் பின்னால் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எதைக் கேட்டாலும் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். தண்ணீரைப் பங்கு போட எல்லாரும் கை தூக்கி முடித்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடுவில் திரையில் என் தோழியின் முகம் வந்தது. பெரியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மெலிஞ்சுட்டா" என்று என் காதில் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

டீக் கதையை அவள் நன்றாகவே சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அயர்லாந்துப் பலகைக்குப் பின்னால் இருந்த பெண் 'டீஷக்' என்று சொல்லிக் காட்ட, தொண்டைக் காற்று வரும்வரை தோழி அவளை இன்னும் இரண்டு முறை சொல்லவைத்தாள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, அந்த ஊருக்குப் போனப்ப உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

திரையில் தோழியின் கண்கள் எங்களைத் தேடுவது போலிருந்தது. அவளுக்கு நாங்கள் தெரிந்தோமா என்று தெரியவில்லை.

"பயமாத்தான்மா இருந்துச்சு" என்றாள். "யார் என்ன சொன்னாலும் வெளங்கல. பாத்ரூம்ல போயி நின்னு அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து வேலை பாப்பேன். ஊருக்குத் திரும்பிப் போயிரலாமான்னு நெனச்சேன். அந்தப் பெரியவர் சிரிச்ச அன்னைக்குத்தான் எனக்கும் மொத மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அவருக்கு நான் கொடுத்தது ஒரு டீ. அவரு எனக்கு ஒரு பேரையே கொடுத்துட்டாரு. அதுக்குப் பொறவு பயமில்ல."

நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவரே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மாநாடு முடிந்து எல்லாரும் கலையும்போது சார் எங்களிடம் வந்து நன்றி சொன்னார். தமிழ் டீச்சர் பெரியம்மாவின் அருகில் உட்கார்ந்து, மகள் எங்கே படித்தாள், என்ன மார்க் வாங்கினாள் என்றெல்லாம் விசாரித்தார். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அயர்லாந்தாக இருந்த பெண் பலகையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று சாரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் மகள் அழுததைப் பற்றிப் பெரியம்மா பேச்செடுத்தார்.

"போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் சொன்னா. அழுதேன்னு ஒரு நா சொன்னதில்ல."

"நீங்க வெசனப்படுவீகன்னு சொல்லாம இருந்திருப்பா."

"அது தெரியுது தாயீ. சொல்லிருந்தா வந்துருன்னுதான் சொல்லிருப்பேன். வந்திருந்தா இன்னைக்கு இம்புட்டுப் பிள்ளைக முன்னால பேசிருப்பாளா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். "அந்தப் பெரியவரு சொகமாகி வீட்டுக்குப் போனாராமா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று தோழிக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அம்மாவும் மகளும் பேசினார்கள். மம்சாபுரம் பஸ் ஒன்று வந்து போயிற்று. பெரியவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனாராம்; அடுத்த கிறிஸ்துமஸுக்கு வார்டுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினாராம். கேட்டதும் பெரியம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். அடுத்த பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து, அந்தச் சொல் என்ன என்று மறுபடி கேட்டார். சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தபோது 'டீசக்கு' என்று வந்தது. எனக்கு அதுவே நன்றாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தோழியும் பேசிக்கொள்கிறோம். எனக்குக் கடை லீவு, அவள் தன் டியூட்டியை அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொள்கிறாள். பெரியம்மாவும் இப்போதெல்லாம் மகளிடம் கேள்விகளை மாற்றிக் கேட்கிறாராம். நல்லாருக்கியா என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு யாரோடு பேசினாய், என்ன பேசினாய் என்று கேட்கிறாராம். பதில் சொல்லச் சொல்ல நேரம் போவதே தெரியவில்லை என்கிறாள். போன வாரம் எங்கள் பேச்சு முழுவதும், அங்கே கடையில் கிடைக்கும் முருங்கைக்காயில் ஏன் சதையே இல்லை என்பதைப் பற்றித்தான்.